சிபார்சுக்குக் காத்திருக்கும் புத்தகங்கள்

நரிப்பாறைத் தோட்டம்,
பெரகல.
15-1-1951

அன்புள்ள லெட்சுமி அக்காவுக்கு, தம்பி அழகையா வணக்கத்துடன் எழுதுவது.

இந்தத் தோட்டத்தில் தேயிலை நட்ட நாள் முதல் நிகழ்ந்திராத ஒன்று, நேற்றுப் பொங்கலன்று மாலை ஐந்தே கால் மணிக்கு நிகழ்ந்தது. இரண்டு பேர் படித்துச் சிபார்சு செய்யாத எந்தப் புத்தகமும் இனி எங்கள் வாசிகசாலைக்குள் நுழைவதில்லை என்று ஏகமனதாகத் தீர்மானித்திருக்கிறோம். முன்மொழிந்தவர் தலைவர், பெரிய கிளாக்கர் செல்வரத்தினம் ஐயா. வழிமொழிந்தவன் காரியதரிசியாகிய நான். மருந்துக்காரர் இரகுநாதன் ஐயாவும் அழகர் கங்காணியும் கைதூக்கினார்கள். கங்காணிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் தலைவர் கை உயர்ந்தவுடன் அவர் கையும் உயர்ந்துவிட்டது.

தீர்மானத்துக்குக் காரணம் உண்டு. போன வருஷம் யாரையும் கேட்காமல் பதுளைக் கடைவீதியில் ஒரு நாவல் வாங்கினோம். அது மூன்று பாகங்களில் இரண்டாவது பாகம். கதாநாயகி முதல் பக்கத்திலேயே அழுதுகொண்டிருந்தாள். எதற்காக என்பது எங்களுக்கு இன்று வரை தெரியாது.

இப்போது எல்லாரும் ‘வைரவளையல் வேதவல்லி’ என்ற நாவலைப் பற்றித்தான் பேசுகிறார்கள். உங்கள் ஆஸ்பத்திரியில் யாராவது படிக்கிறார்களா? விசாரித்து எழுதுங்கள்.

இங்கே நான், கருப்பம்மா, பிள்ளைகள் இருவரும் இருமலைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம். மச்சானின் முழங்கால் எப்படி இருக்கிறது? போன கடிதத்தில் நீங்கள் கேட்ட விஷயம் என் நினைவில் இருக்கிறது.

தங்கள் அன்புத் தம்பி,
அழகையா


பதுளை
24-1-1951

அன்புத் தம்பி அழகையாவுக்கு, அக்கா எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. இருமலுக்கு மருந்துக்காரரிடம் சிவப்புத் தண்ணீர் வாங்கிக் கொடு. அது எல்லா வியாதிக்கும் கொடுக்கிற தண்ணீர்தான் என்றாலும் பிள்ளைகளுக்கு இனிப்பாக இருக்கும்.

‘நினைவில் இருக்கிறது’ என்று எழுதினால் போதாது. இலங்கைப் பிரஜாவுரிமை விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் ஆகஸ்ட் ஐந்து. அதற்குப் பிறகு ஒரு நாளும் இல்லை. ஐயா அந்த மலையில்தான் செத்தார். நீயும் நானும் அங்கேதான் பிறந்தோம். நம் சனம் இந்தியாவிலிருந்து வந்தது என்று, அதைத்தான் எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள். நம் பேர் எத்தனை வருஷமாகத் தோட்டத்துப் பதிவில் இருக்கிறது என்று பெரிய கிளாக்கரிடம் ஒரு கடிதம் வாங்கி, விண்ணப்பத்தோடு கொழும்புக்கு அனுப்ப வேண்டும். கருப்பம்மா பேரும் பிள்ளைகள் பேரும் உன் விண்ணப்பத்திலேயே அடங்கும். நீ அனுப்பாவிட்டால் நான்கு பேரும் அனுப்பாதவர்கள். நாளைக்குத் தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார் வேலையை விட்டு அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் உத்தியோகம் என்று போய் நின்றால், பிரஜையா என்றுதான் முதலில் கேட்பார்கள்.

உன் மச்சான் எங்கள் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டார். நீ கடிதம் கேட்டாயா?

வேதவல்லியை நான் படிக்கவில்லை. விசாரிக்கிறேன்.

அன்புடன்,
அக்கா லெட்சுமி


நரிப்பாறைத் தோட்டம்
11-2-1951

அன்புள்ள அக்காவுக்கு,

சிவப்புத் தண்ணீர் கொடுத்தோம். பிள்ளைகள் இன்னும் இருமுகிறார்கள், ஆனால் விருப்பத்தோடு.

கடிதம் கேட்பதற்கு ஏற்ற சமயம் இன்னும் அமையவில்லை. பெரிய கிளாக்கர் ஐயாவிடம் இந்தத் தோட்டத்தில் கேட்காத ஆள் இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் “பாப்பம்” என்று சொல்லி அனுப்புகிறார். நான் அப்படிக் கும்பலில் ஒருவனாகப் போய் நிற்க விரும்பவில்லை. வாசிகசாலை வேலையால் அவருக்கு என்மேல் நல்லெண்ணம் வளர்ந்து வருகிறது. அது நன்றாக முற்றியதும் கேட்பேன். அவரும் வித்தியாசமாகத்தான் நடத்துகிறார். போன வாரம் “மாஸ்டர், இரும்” என்றார். இருந்தேன்.

இன்று கூட்டத்தில் வேதவல்லி பற்றி நீண்ட விவாதம். கங்காணி சொன்னார்: “புத்தகம் வாங்கறதும் மாடு வாங்கற மாதிரிதாங்க. நாலு பேரக் கேட்டுட்டுத்தான் கயித்த அவுக்கணும்.” மருந்துக்காரர், “மாட்டுக்குப் பல்லைப் பாக்கலாம். புத்தகத்துக்கு என்னத்தைப் பாக்கிறது?” என்றார். “அதுக்குத்தான் நாலு பேரு” என்றார் கங்காணி. இதை நான் கூட்டக் குறிப்பில் அப்படியே பதிந்துகொண்டேன்.

ஆஸ்பத்திரியில் விசாரித்தீர்களா?

அன்புத் தம்பி,
அழகையா


பதுளை
4-3-1951

அன்புத் தம்பிக்கு,

இங்கே இருவரும் சுகம். மச்சானின் முழங்கால் மழை வரப்போவதை மட்டும் சரியாகச் சொல்கிறது.

ஒரு புத்தகம் நல்லதா என்று நான் யாரையும் கேட்பதில்லை. வார்டில் நோயாளிகள் விட்டுவிட்டுப் போகிற புத்தகங்களை எடுத்து, எந்தப் பக்கம் வரைக்கும் அழுக்காயிருக்கிறது என்று பார்ப்பேன். ஊரே புகழ்கிற நாவல் இருபதாம் பக்கத்துக்கு மேலே சலவைக்குப் போய் வந்த மாதிரி இருக்கும். யாருமே பேசாத சில புத்தகங்கள் கடைசிப் பக்கம் வரைக்கும் எண்ணெயும் மஞ்சளுமாகக் கிடக்கும். நான் அதைத்தான் எடுத்துப் படிப்பேன்.

இந்தப் பொதியில் இருக்கிற சின்னப் புத்தகம் அந்தச் சாதி. விண்ணப்பத்தை எப்படி நிரப்புவது, எந்த ஆதாரம் வேண்டும், கிளாக்கர் கடிதம் தராவிட்டால் வேறு எதைக் காட்டலாம் என்று எல்லாம் தமிழில் இருக்கிறது. முப்பத்திரண்டு பக்கம். முப்பத்திரண்டும் அழுக்கு. நீ படித்துவிட்டு, லயத்து வீடுகளில் இருக்கிற கூலிச் சனங்களுக்கும் சத்தமாக வாசித்துக் காட்டு. அங்கே உன்னை விட்டால் அவர்களுக்கு வாசித்துச் சொல்ல ஆள் ஏது?

கடிதம் கேட்டாயா?

அக்கா


நரிப்பாறைத் தோட்டம்
1-4-1951

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் பொதி பெரகலச் சந்தியில் காமில் நானா கடை வழியாகப் பத்திரமாக வந்தது. புத்தகத்தை அன்றே தலைவரிடம் சமர்ப்பித்தேன். அதை ஒளித்து வைத்துப் படித்திருக்கலாம். ஆனால் தீர்மானத்தை வழிமொழிந்தவனே மீறினால் நாளை யார் மதிப்பார்கள்?

“உதை ஆர் வாசிச்சவை?” என்று தலைவர் கேட்டார். “என் அக்கா” என்றேன். வெளியூர்ச் சிபார்சு செல்லுமா என்ற கேள்வி எழுந்தது. இரண்டு மணி நேரம் ஆலோசித்து, வெளியூர்ச் சிபார்சு அரைச் சிபார்சாகக் கணக்கிடப்படும் என்று தீர்மானித்தோம். ஆகவே உங்கள் புத்தகத்துக்கு இப்போது அரைச் சிபார்சு இருக்கிறது. இன்னும் ஒன்றரை வேண்டும். தோட்டத்தில் யாராவது படித்தால் சிபார்சு செய்யலாம். ஆனால் சிபார்சு பெறாத புத்தகத்தை யாருக்கும் படிக்கக் கொடுப்பதில்லை. இந்த இடத்தில் சற்றுச் சிக்கல் இருப்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். தலைவர், “பாப்பம்” என்றார். புத்தகத்தைக் கண்ணாடி அலமாரியின் மேலே, ‘சிபார்சுக்குக் காத்திருப்பவை’ என்று எழுதிய பெட்டியில் வைத்திருக்கிறோம். இப்போதைக்கு அந்தப் பெட்டியில் அது ஒன்றுதான்.

கருப்பம்மா நேற்றுச் சோறு போடும்போது சொன்னாள்: “ஏங்க, அந்தச் சின்னப் புத்தகத்த நான் வேணா படிச்சிட்டு நல்லாருக்குன்னு சொல்றேனே. மூணாங் கிளாஸ் படிச்சிருக்கேன்ல?” காரியதரிசியின் மனைவி சிபார்சு செய்தால் பாரபட்சம் என்று சொல்வார்கள் என விளக்கினேன். “நம்ம பேர எழுதப்போற புத்தகத்துக்கு நாம சொல்லாம வேற யாரு சொல்லுவா?” என்றாள். அவளுக்கு நிர்வாக அனுபவம் இல்லை.

வேதவல்லி பற்றி ஏதாவது தகவல்?

அன்புத் தம்பி,
அழகையா


பதுளை
20-5-1951

தம்பிக்கு,

உனக்குப் பதில் எழுத இத்தனை நாள் ஆயிற்று. முதலில் எழுதியதைக் கிழித்துவிட்டேன்.

கீழே மச்சான் எழுதியிருக்கிறார். அதோடு உன் கணக்கில் ஒன்றாகிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே வந்து பெரிய கிளாக்கரிடம் கேட்கட்டுமா? அவர் பெண்சாதியின் முதல் பிரசவத்துக்கு நான்தான் வார்டில் பக்கத்தில் நின்றேன். முகம் மறந்திருக்காது.

அக்கா

நான் இந்தப் புத்தகத்தைப் படித்தேன். நல்ல புத்தகம். எல்லாரும் படிக்கலாம். – சின்னராசா.


நரிப்பாறைத் தோட்டம்
17-6-1951

அன்புள்ள அக்காவுக்கும் மச்சானுக்கும்,

அனைவரும் நலம். சின்னவளுக்கு இரண்டு பல் முளைத்திருக்கிறது.

நீங்கள் வரவேண்டாம். அக்காவை அனுப்பிக் காரியம் சாதிக்கிறான் என்ற பேச்சு வந்தால், ஆறு மாதமாகச் சேர்த்த நல்லெண்ணம் கரைந்துவிடும். பொறுங்கள்.

மச்சானின் சிபார்சுக்கு நன்றி. இப்போது உங்கள் புத்தகத்துக்கு முழுச் சிபார்சு ஒன்று இருக்கிறது. இன்னும் ஒன்றுதான்.

மகிழ்ச்சியான செய்தி ஒன்று. வேதவல்லி வாங்கிவிட்டோம். மருந்துக்காரர் அதை மனமாரச் சிபார்சு செய்தார். தேயிலைத் தொழிற்சாலை டீமேக்கரும் செய்தார். ஆளுக்கொன்று, இரண்டு முழுச் சிபார்சு. புத்தகம் வந்தபின் மருந்துக்காரரிடம், “ஐயா, உங்களுக்குப் பிடித்த கட்டம் எது?” என்று பேச்சுவாக்கில் கேட்டேன். “முழுக்க நல்லது எண்டு டீமேக்கர் சொன்னவர்” என்றார். டீமேக்கரைக் கேட்டேன். காமில் நானா சொன்னாராம். நேற்றுக் கடைக்குப் போய் நானாவைக் கேட்டேன். “பதுளை ஆஸ்பத்திரியில நர்ஸ்மாரெல்லாம் அதத்தானே படிக்கிறாங்க, மாஸ்டர். என் மகள் ஜெஸீமா காச்சலுக்கு அங்க நாலு நாள் இருந்தப்ப கண்ணால பாத்துட்டு வந்தா” என்றார். கண்ணால் பார்த்த சாட்சி கிடைத்ததில் எனக்கு நிம்மதி. ஆனாலும் உறுதி செய்துகொள்வது நல்லது. நர்ஸ்மாருக்கு யார் சொன்னது?

அன்புத் தம்பி,
அழகையா


பதுளை
8-7-1951

தம்பிக்கு,

நர்ஸ்மாருக்குச் சொன்னது நான். தை மாசம் நீ எழுதிக் கேட்டாய் அல்லவா? அதைத்தான் வார்டில் கேட்டேன். “என் தம்பி வாத்தியார், அவன் ஊரில் எல்லாரும் இதைப் பற்றித்தான் பேசுகிறார்களாம்” என்றேன். சத்தியபாமா என்கிற நர்ஸ் உடனே வாங்கிவிட்டாள். மற்றவர்களும் வாங்கினார்கள். சத்தியபாமாவின் புத்தகத்தைப் பார்த்தேன். பதினான்காம் பக்கம் வரைக்கும் அழுக்கு.

ஆக, அந்தப் புத்தகத்தைச் சிபார்சு செய்தவன் நீ.

இனி அதைப் பற்றி எழுதாதே. இன்றிலிருந்து இருபத்தெட்டு நாள் இருக்கிறது. கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமையில் விழுகிறது. அதனால் அதற்கு முந்திய வாரத்தையே கடைசி என்று வைத்துக்கொள். இங்கே தினமும் மலையிலிருந்து சனங்கள் வந்து ஒவ்வொரு அரசாங்கக் கந்தோர் வாசலிலும் நிற்கிறார்கள். தெமோதரையிலிருந்து ஒரு கிழவன் நடந்தே வந்தான். கையில் ஒரு பழைய சம்பளத் துண்டு மட்டும் இருந்தது. அதை வைத்தே எழுதிக் கொடுத்தார்கள். உன்னிடம் அதைவிட அதிகம் இருக்கிறது.

அலமாரிமேல் இருக்கிற பெட்டி எவ்வளவு உயரம்? கைக்கு எட்டாதா?

கருப்பம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

அக்கா


நரிப்பாறைத் தோட்டம்
29-7-1951

அன்புள்ள அக்காவுக்கு,

பெரிய பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து போய்விட்டது. அதனால்தான் தாமதம்.

கவலைப்பட வேண்டாம். தேதியை நீட்டப்போகிறார்கள். இங்கே எல்லாருக்கும் தெரியும். அழகர் கங்காணி லயம் லயமாகப் போய்ச் சொல்லிவிட்டார். பதுளைக்குப் புறப்பட்டிருந்த சில பேர் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு மறுபடி கொழுந்து எடுக்கப் போய்விட்டார்கள். செல்வரத்தினம் ஐயாவும், “ஓம், அப்பிடித்தான் கதை அடிபடுகுது. அந்தரப்படாதையும் மாஸ்டர்” என்றார். அவர் வீண்பேச்சுப் பேசுகிறவர் அல்ல.

அவர் நேற்று லீவில் யாழ்ப்பாணம் போயிருக்கிறார். ஏழாம் தேதி வந்துவிடுவார். வந்ததும் முதல் வேலையாகக் கடிதத்தைக் கேட்டுவிடுவது என்று தீர்மானித்திருக்கிறேன். விண்ணப்பத் தாள் என்னிடம் இருக்கிறது. எங்கள் நான்கு பேரின் பெயரையும் எழுதிவிட்டேன். கையெழுத்து அழகாக வந்திருக்கிறது.

வேதவல்லியை இப்போது மருந்துக்காரர் வைத்திருக்கிறார். தலைவர் இல்லாததால் இந்த வாரம் கூட்டமில்லை.

அன்புத் தம்பி,
அழகையா


பதுளை
1-8-1951

அழகையா,

தேதி நீட்டுவார்களா என்று இன்று நானே கந்தோரில் போய்க் கேட்டேன். இல்லை என்றார்கள். இரண்டு தரம் கேட்டேன். இரண்டு தரமும் இல்லை என்றார்கள்.

கடிதம் வேண்டாம். ஆதாரம் பிறகு கொடுத்துக்கொள்ளலாம். எழுதியதை அப்படியே உறையில் போட்டு, இது கையில் கிடைத்த நிமிஷமே பதிவுத் தபாலில் சேர். மேல் லயத்துச் சனங்களிடமும் சொல்.

லெட்சுமி


நரிப்பாறைத் தோட்டம்
19-8-1951

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி அழகையா வணக்கத்துடன் எழுதுவது.

நீங்களும் மச்சானும் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இரண்டு வாரமாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை. இங்கே மழை.

உங்கள் முதலாம் தேதிக் கடிதம் வெள்ளிக்கிழமையே கிடைத்தது. அன்றும் மறுநாளும் யோசித்தேன். எழுதிய தாளை உறையில் போட்டு, வெளியே எடுத்து, மறுபடி போட்டேன். ஆதாரமில்லாத விண்ணப்பத்தை ஒரு வாத்தியார் அனுப்பினால் என்ன நினைப்பார்கள் என்று தோன்றியது. உறையைக் கருப்பம்மாவே ஒட்ட வந்தாள். நான்தான் வாங்கி வைத்தேன்.

செல்வரத்தினம் ஐயா ஏழாம் தேதி இரவு ரயிலில் வந்து சேர்ந்தார். எட்டாம் தேதி காலை பெரட்டில் ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பி முடிந்ததும் போய்க் கேட்டேன். பேனாவை எடுத்து அங்கேயே எழுதி, முத்திரையும் குத்திக் கொடுத்தார். “உதுக்கே இவ்வளவு நாள் திரிஞ்சனீர்? தை மாசமே கேட்டிருக்கலாமே, மாஸ்டர். உமக்கெண்டால் நான் மாட்டனெண்டே சொல்லப்போறன்? அஞ்சு நிமிசத்து வேலை” என்றார். உண்மையில் அஞ்சு நிமிஷம்கூட ஆகவில்லை.

தேதி நீட்டும் விஷயத்தையும் விசாரித்தேன். கங்காணிக்குச் சொன்னவர் பெரிய கிளாக்கர் ஐயா. அவருக்குச் சொன்னவர் காமில் நானா. கடைக்குப் போனேன். “நீங்கதானே மாஸ்டர், அன்னைக்குக் கடையில நின்னுக்கிட்டு, தேதிய நீட்டுவாங்களா நானான்னு கேட்டீங்க? வாத்தியாரே கேக்கிறார்னா விசயம் இல்லாமலா இருக்கும்னு நெனச்சேன்” என்றார். அவர்மேல் தவறில்லை. இதைக் கங்காணியிடம் நான் இன்னும் சொல்லவில்லை. மேல் லயத்துப் பக்கம் போகவும் சந்தர்ப்பம் அமையவில்லை.

உங்கள் புத்தகத்துக்கு இரண்டாவது சிபார்சு கிடைத்துவிட்டது. தலைவர் ரயிலில் படிக்க ஒன்றும் இல்லாமல் அதைப் பெட்டியிலிருந்து எடுத்துப் போயிருக்கிறார். “திறமான புத்தகம். சனத்துக்கு விளங்கிற மாதிரி எழுதியிருக்கிறான்” என்றார். பன்னிரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை அது முறைப்படி ஏற்கப்பட்டது. புத்தகப் பதிவில் முப்பத்துநான்காம் இலக்கம். தலைவர் சொன்னபடி நான் சத்தமாக வாசித்தேன். லயத்திலிருந்து எழுபது பேருக்கு மேல் வந்து வாசலிலும் மழையிலும் நின்று கேட்டார்கள். முப்பத்திரண்டு பக்கமும் வாசிக்க ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. இடையில் யாரும் எழுந்து போகவில்லை. முடிந்தபின்பும் போகவில்லை.

பிள்ளைகளுக்கு இருமல் விட்டுவிட்டது. கருப்பம்மா உங்களைக் கேட்டதாக எழுதச் சொன்னாள். முடிந்தால் பதில் எழுதுங்கள்.

அன்புத் தம்பி,
அழகையா

பி.கு.: விண்ணப்பத்தைக் கடிதத்துடன் ஒன்பதாம் தேதி பெரகலையிலிருந்து பதிவுத் தபாலில் அனுப்பினேன். நேற்றுத் திரும்பி வந்தது.